திருத்தணி – சென்னை: ஒரு சீசன் டிக்கெட்டின் வரலாறு

திருத்தணி என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது முருகன் கோயில். அடுத்து 365 படிகள், ஆடிக் கிருத்திகைக் காவடிகள், டிசம்பர் 31 இரவு நடக்கும் படித் திருவிழா. கொஞ்சம் படித்தவர்கள், டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்த ஊர் என்பார்கள். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் ம.பொ.சி.யையும் மங்கலங்கிழாரையும் வடக்கெல்லைப் போராட்டத்தையும் சொல்வார்கள்.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. பொழுது விடியுமுன்பே சாப்பாட்டுப் பையோடு ஸ்டேஷனுக்கு நடப்பவர்களின் முகம் அது. சென்னையில் வேலை, திருத்தணியில் வீடு. நடுவில் சுமார் 82 கிலோமீட்டர் ரயில் பாதை. தினமும் போக 82, வர 82. கோயிலுக்குத் தல புராணம் இருக்கிறது, எல்லைப் போராட்டத்துக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. தினசரி ரயிலில் போய்வரும் இவர்களின் வரலாற்றைத்தான் யாரும் பெரிதாக எழுதவில்லை. கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் அதிலும் நிறைய விஷயம் இருக்கிறது.

யாருக்காகப் போட்ட பாதை?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அந்தப் பாதை அரக்கோணம் வழியாகப் போனது. 1861-ல் அரக்கோணத்திலிருந்து வடமேற்காக ஒரு கிளை போட ஆரம்பித்தார்கள். 1862-ல் அது ரேணிகுண்டாவைத் தொட்டது. அரக்கோணத்திலிருந்து 13 கிலோமீட்டரில் இருக்கும் திருத்தணி அந்தக் கிளையின் மேல் விழுந்தது.

திருத்தணிக்காரர்கள் பட்டணத்துக்கு வேலைக்குப் போகட்டும் என்று நினைத்தா கம்பெனி இதைப் போட்டது? நிச்சயமாக இல்லை. கம்பெனியின் கண் இருந்தது பம்பாயின் மேல். கடப்பை, குண்டக்கல் வழியாகப் பாதையை நீட்டிக்கொண்டே போய் 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்து கம்பெனியின் (ஜி.ஐ.பி. ரயில்வே) பாதையோடு சேர்த்தார்கள். சென்னையும் பம்பாயும் ரயிலால் இணைந்தன. நடுவில் இருந்த கார்வேட்நகர் ஜமீன் பகுதியின் சின்ன மலைக்கோயில் ஊருக்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தணியின் தினசரிப் பயணி அன்றிலிருந்து இன்றுவரை வேறு யாருக்காகவோ ஓடும் ரயிலில்தான் ஏறிக்கொண்டிருக்கிறார். முதலில் பம்பாய் போகிறவர்களின் ரயில். பிறகு திருப்பதி போகிறவர்களின் ரயில். வசதி, நேரம், கட்டணம் என்று எந்தக் குறையை எடுத்தாலும் வேர் இங்கேதான் போய் நிற்கிறது.

மாநிலம் மாறியது, ரயில் மாறவில்லை

1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திரத்துக்குப் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார், கே.விநாயகம் போன்றவர்கள் நடத்திய போராட்டம், படாஸ்கர் என்பவரின் பரிந்துரை, 1959-ல் நாடாளுமன்றச் சட்டம்... இதெல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மாவட்டம் செங்கல்பட்டு ஆனது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது.

அந்த ஆறரை வருடங்களை யோசித்துப் பாருங்கள். திருத்தணியில் ரயில் ஏறி சென்னையில் இறங்கியவர் ஆந்திராவில் ஏறி வேறொரு மாநிலத்தில் இறங்கியிருக்கிறார்! அரசு வேலைகளுக்குத் தலைநகரம் கர்னூல், பிறகு ஹைதராபாத். ஆனால் சந்தை, ஆஸ்பத்திரி, கல்லூரி, வேலை எல்லாவற்றுக்கும் ரயில் இழுத்துக்கொண்டு போனது சென்னைக்குத்தான். ரயில்வேக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே உருவாகியிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே ரயில், அதே டிக்கெட்.

திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு மொழி முக்கியக் காரணம். போராடியவர்களின் தியாகம் பெரிது. அதோடு ஊரின் அன்றாட வாழ்க்கை ஏற்கனவே தண்டவாளத்தின் வழியே சென்னையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த முடிச்சு இன்னும் இறுகியது அதே காலத்தில்தான். 1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மூன்றும் அரக்கோணம் – சென்னை ரயில் பாதையின் ஓரத்தில்! சென்ட்ரல் வரைகூடப் போக வேண்டாம், வழியிலேயே இறங்கி ஷிஃப்டுக்குப் போகலாம். "ஊரை விடாமல் வேலைக்குப் போகலாம்" என்ற எண்ணம் இந்தப் பாதையில் இருக்கும் ஊர்களுக்கு வந்தது இப்படித்தான்.

உட்கார இடம்

வசதியைப் பற்றிப் பேசும்போது ஒரு பிரபலமான பயணியை மறக்கக் கூடாது. 1917 செப்டம்பரில் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயிலில் மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருந்தது. ராய்ச்சூர் தாண்டியதும் நெரிசல் தாங்க முடியாமல் போனதையும், வழி முழுவதும் பெட்டியை யாரும் கூட்டவே இல்லை என்பதையும் பிறகு கட்டுரையாகவே எழுதினார். ராய்ச்சூரிலிருந்து சென்னைக்கு வரும் பாதை எது? ரேணிகுண்டா, திருத்தணி, அரக்கோணம். அதாவது இதே பாதைதான்.

மூன்றாம் வகுப்பு 1974-ல் ஒழிந்தது. ஒழிந்தது என்றால் பெயர்தான், அது இரண்டாம் வகுப்பு ஆனது. இன்றும் காலையில் திருப்பதியிலிருந்து சென்னைக்கு வரும் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் திருத்தணியில் ஏறிப் பார்த்தால் 1917-ஐப் புரிந்துகொள்ளக் கஷ்டப்பட வேண்டியதில்லை. புத்தூரிலும் ஏகாம்பரகுப்பத்திலும் ஏறியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மொட்டையடித்த குடும்பங்கள் லட்டுப் பையோடு நடைபாதையில் இருப்பார்கள். திருத்தணிக்காரருக்குக் கிடைப்பது கைப்பிடிக் கம்பிதான். சீசன் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் அபராதம்.

அடுத்த வழி மின்சார ரயில். 1979-ல் சென்னை – திருவள்ளூர் பகுதியில் மின்மயம் வந்தது. 1980-களின் முதல் பாதியில் அது அரக்கோணத்தையும் தாண்டியது. பிற்பாடு சில லோக்கல் ரயில்கள் அரக்கோணத்தோடு நிற்காமல் திருத்தணி வரையே வர ஆரம்பித்தன. இது பெரிய மாற்றம். புறப்படும் இடமே திருத்தணி என்பதால் உட்கார இடம் கிடைத்தது! நூறு வருடத்துக்கு மேல் வழி ஸ்டேஷனாகவே இருந்த ஊருக்கு, தனக்கென்று புறப்படும் ரயில் கிடைத்தது.

ஆனால் அதிலும் ஒரு கஷ்டம். லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. நகருக்குள் அரை மணி, ஒரு மணி நேரம் போகிறவர்களுக்காகத் திட்டமிட்ட வண்டி அது. திருத்தணியிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 1909-ல் ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, அஹ்மத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போன நேரத்தில் ரயில் கிளம்பிவிட்டதென்று ரயில்வேக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமே தூண்டுகோல் என்று சொல்வார்கள். படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும் கடிதம்தான். ஆனால் சர்க்கரை நோய் உள்ள ஐம்பது வயதுக்காரரையும், கர்ப்பிணிப் பெண்ணையும் இரண்டு மணி நேர லோக்கலில் நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது. இவர்களில் பலர் காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். 2025 ஏப்ரலில் சென்னை கடற்கரை – செங்கல்பட்டு பாதையில் ஏ.சி. மின்சார ரயில் வந்தது. நல்லதுதான். ஆனால் நீண்ட தூர லோக்கலில் முதலில் எது வேண்டும் என்று பயணிகளைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

நேரம்: யாருடைய கடிகாரம்?

நேரத்தைப் பற்றி ஒரு சுவையான விஷயம். 1870-களிலிருந்து இந்திய ரயில்கள் பெரும்பாலும் 'மெட்ராஸ் நேர'த்தில்தான் ஓடின. சென்னை வானாய்வுக்கூடத்தின் கடிகாரம்தான் ரயில்வேயின் கடிகாரம். பம்பாயின் உள்ளூர் நேரம் இதற்குச் சுமார் அரை மணி பின்னால் இருந்தது. 1905-06-ல் இந்திய சீர்நேரம் வந்தபோது சென்னைக்காரர்கள் கடிகாரத்தைச் சுமார் 9 நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து நேரம் சொன்னவர்களை, நிமிடக் கணக்குக்குப் பழக்கியது ரயில்தான்.

நிமிடக் கணக்கை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த ரயில்வே அதைத் தானே கடைப்பிடிக்கிறதா? இங்கேதான் அந்தப் பழைய விஷயம் மறுபடி வருகிறது.

இந்தப் பாதையின் பிரபலமான எக்ஸ்பிரஸ்கள் திருப்பதி ரயில்கள். சப்தகிரி காலையில் சென்னையிலிருந்து கிளம்பித் திருப்பதிக்குப் போய், மாலையில் அங்கிருந்து திரும்புகிறது. சென்னைப் பக்தர்களுக்கு அருமையான நேரம். திருத்தணியில் இருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அப்படியே தலைகீழ். கருடாத்ரி காலையில் திருப்பதியிலிருந்து சென்னைக்கு வருகிறது, அது உதவும். ஆனால் சென்னையிலிருந்து அது திரும்புவது நெடுங்காலமாக மாலை நாலரை மணி வாக்கில். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் விடுவது 5.45-க்கு! காலையில் கூட்டிவந்த ரயில் மாலையில் காத்திருக்காது. பிறகு லோக்கல்தான் கதி. திருத்தணி வரை போகும் லோக்கல் தவறினால் அரக்கோணம் வரை வந்து அடுத்த வண்டிக்குத் தவம் கிடக்க வேண்டும். அரக்கோணத்தில் இருந்து திருத்தணி 13 கிலோமீட்டர்தான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் அந்த 13 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்திலேயே நீளமானது.

இன்னொன்று, நேரம் தவறாமையை ரயில்வே கணக்கிடும் முறை. ஒரு எக்ஸ்பிரஸ் கடைசி ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் முக்கியமான கணக்கு. அதனால் அட்டவணையில் கடைசிக் கட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நிமிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். வழியில் தாமதமானாலும் அங்கே ஈடுகட்டிக்கொள்ளலாம். சென்னையிலிருந்து கிளம்பிய ரயில் திருத்தணிக்கு 20 நிமிடம் தாமதமாக வந்துவிட்டு, திருப்பதிக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர முடியும். ரயில்வே ஏட்டில் அது நேரம் தவறாத ரயில். வழியில் இறங்கியவரின் 20 நிமிடம் எந்த ஏட்டிலும் ஏறாது.

லோக்கலுக்கும் இதே கதைதான். பெங்களூர், கோவை, மும்பை ரயில்கள், சரக்கு ரயில்கள் எல்லாம் அரக்கோணத்தில் வந்து கூடுகின்றன. தூரம் போகிற வண்டிக்குத்தான் முதல் வழி. மோசூரிலோ புளியமங்கலத்திலோ லோக்கல் சும்மா நிற்கும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் எது கடந்து போகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

கட்டணம்: இவர்களுக்காகவே வந்த ஒன்று

பாதை, வண்டி, நேரம் எதுவும் இவர்களுக்காக வந்ததில்லை. ஆனால் ஒன்று மட்டும் தினசரிப் பயணிக்காகவே வந்தது. அதுதான் சீசன் டிக்கெட்.

தினசரி ரயிலில் போய்வருகிறவரை ஆங்கிலத்தில் 'கம்யூட்டர்' என்கிறார்களே, அந்த வார்த்தையே டிக்கெட்டில் இருந்து பிறந்ததுதான். 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில், தினமும் தனித்தனியாக டிக்கெட் எடுக்காமல் மொத்தமாகக் குறைத்த கட்டணம் கட்டிப் போனவர்களை அப்படி அழைத்தார்கள். கட்டணம் குறைந்ததால் உருவான ஒரு மனித வகை!

இந்தியாவில் இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசனின் விலை சுமார் 15 ஒருவழிப் பயணத்துக்கான கட்டணம். மூன்று மாத சீசன் அதைப்போல் 2.7 மடங்கு. 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் 50 பயணம். 15 பயணத்துக்குக் காசு, 35 பயணம் இலவசம் மாதிரி. உதாரணத்துக்கு ஒருவழிக் கட்டணம் 20 ரூபாய் என்றால் தினமும் டிக்கெட் எடுக்க மாதம் 1000 ரூபாய், சீசனுக்கு 300 ரூபாய். தேசிய நெடுஞ்சாலையில் பஸ்ஸிலேயே தினமும் போய்வந்தால் சம்பளத்தில் பெரும் பங்கு டிக்கெட்டுக்கே போய்விடும்.

படிப்பவர்களுக்கும் சலுகை உண்டு. மாணவர் சீசன் பாதி விலை. 2008-09 ரயில்வே பட்ஜெட்டில், வீட்டிலிருந்து படிக்கும் இடத்துக்குப் பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரையும் ஆண்களுக்கு 12-ம் வகுப்பு வரையும் இலவச சீசன் என்று அறிவித்தார்கள். 2009-ல் மாதம் 1500 ரூபாய்க்குள் வருமானம் உள்ளவர்களுக்கு 100 கிலோமீட்டர் வரை 25 ரூபாயில் 'இஜ்ஜத்' சீசன் வந்தது. ஒரு பெண் சின்ன ஊரில் இருந்தபடியே சென்னையில் கல்லூரி படிக்க முடிகிறது என்றால், ஹாஸ்டல் செலவு இல்லாமல் அதைச் சாத்தியமாக்கியது பெரும்பாலும் இந்தத் துண்டுச் சீட்டுதான்.

இதற்கும் ஆபத்து வந்தது. 2014 ஜூன் 20-ல் ரயில் கட்டணம் 14.2 சதவீதம் உயர்த்தப்பட்டது. அதோடு சீசன் டிக்கெட்டை 15 பயணத்திலிருந்து 30 பயணத்துக்கு மாற்றவும் உத்தரவு வந்தது. அதாவது ஒரே இரவில் இரண்டு மடங்கு! மும்பைப் புறநகர்ப் பயணிகளின் எதிர்ப்பில் மகாராஷ்டிர அரசியல்வாதிகள் டில்லிக்கு ஓடினார்கள். நாலே நாளில், ஜூன் 24-ம் தேதி, பழையபடி 15 பயணக் கணக்கே தொடரும் என்றும், புறநகர் ரயிலில் 80 கிலோமீட்டர் வரை இரண்டாம் வகுப்புக் கட்டணம் உயராது என்றும் அறிவித்தார்கள். 80 கிலோமீட்டர்... சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் 69, திருத்தணி சுமார் 82. டில்லியில் ஒரு காகிதத்தில் போட்ட கோடு இந்த இரண்டு ஊருக்கும் நடுவே விழுகிறது. எல்லைக்கோடு திருத்தணிக்குப் புதிதல்லவே!

2020 மார்ச்சில் கொரோனாவால் ரயில்களே நின்றன. மறுபடி ஓட ஆரம்பித்தபோது முதலில் முன்பதிவு ரயில்கள், சிறப்பு ரயில்கள்தான். சீசன் டிக்கெட்டுக்கு உடனே அனுமதி வரவில்லை. சாதாரண பாசஞ்சர் ரயில்களை 'எக்ஸ்பிரஸ் சிறப்பு' என்று பெயர் மாற்றியதால் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயில் இருந்து 30 ரூபாய் ஆனது. அது மறுபடி 10 ரூபாய்க்கு இறங்க 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் பலர் வேலையையோ ஊரையோ மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. டிக்கெட் என்பது வெறும் டிக்கெட் இல்லை, ஒரு குடும்பம் எந்த ஊரில் வாழலாம் என்பதையே அது முடிவு செய்கிறது என்பது அப்போது நன்றாகப் புரிந்தது. 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது புறநகர் கட்டணத்தையும் சீசனையும் தொடவில்லை. 2014-ல் கிடைத்த பாடம் மறக்கவில்லை போலும்.

கடைசியாக...

ரயில்வேக்குச் சீசன் பயணிகளால் லாபம் இல்லை, நஷ்டம்தான் என்று ஒரு வாதம் உண்டு. கணக்குப்படி அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இவர்கள் எல்லோரும் சென்னையிலேயே குடியேறினால் என்ன ஆகும்? வீட்டு வாடகை, தண்ணீர், சாலை நெரிசல் என்று நகரம் கொடுக்கப்போகும் விலையை யார் கணக்கில் எழுதுவது? திருத்தணி, அரக்கோணம், திருவாலங்காடு போன்ற ஊர்களின் கடைத்தெருவில் செலவாகும் சம்பளப் பணம் எங்கே போகும்?

160 வருடத்துக்கும் மேலாக இந்தப் பாதையில் ரயில் ஓடுகிறது. கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. அலுவலகம் விட்டபின் கிளம்பும் ஒரு விரைவு ரயில். ராத்திரி திருத்தணி வரை வரும் இன்னும் இரண்டு லோக்கல். இரண்டு மணி நேரம் ஓடும் வண்டியில் ஒரு கழிப்பறை. வழி ஸ்டேஷனில் ஆகும் தாமதத்தையும் எழுதி வைக்கும் ஒரு ஏடு. பம்பாய்க்காரர்களுக்கும் திருப்பதி பக்தர்களுக்கும் ஓடிய பாதையில், தினமும் ஏறி இறங்குகிறவருக்காகவும் ஒரு அட்டவணை போடலாம். அவர் மூன்று மாதக் காசை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் பிளாட்பாரத்தில் நிற்கிறார்.